சோற்றுக்கு வந்தவன்

'சோற்றுக்கு வேதத்தில் சேர்ந்தவர்கள்' என்ற ஏச்சை இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவன் ஒருமுறையேனும் கேட்டிருப்பான். ஆங்கிலத்தில் இதற்கு 'அரிசிக் கிறிஸ்தவன்' என்று பெயர். கீழைத் தேசங்களில் இருந்த வெள்ளையர்கள் புழக்கத்தில் விட்ட பெயர் அது. ஆரணி, பட்டு நெசவாலும் அரிசி ஆலைகளாலும் பிழைக்கிற ஊர். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவனும், ஆலையில் மூட்டை சுமப்பவனும், வங்கியில் பேரேடு பார்க்கிற நானும் அரிசிக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறோம். இதில் யாருக்கும் வெட்கமில்லை. கடவுளிடம் அரிசிக்காகப் போனவன் மட்டும் எப்படியோ குற்றவாளியாகிவிடுகிறான்.

பிறர் இப்படி ஏசுவது எனக்குப் பெரிய பிரச்னையாகப் படவில்லை. கிறிஸ்தவர்களே இதை நம்புகிறார்கள் என்பதுதான் விஷயம். சோற்றுக்கு வந்தவன் யார், உண்மையாக வந்தவன் யார் என்று பிரித்துப் பார்க்கிற வேலையை இன்றைய சபைகள் தங்கள் ஆன்மிகக் கடமைகளில் ஒன்றாகவே மேற்கொண்டிருக்கின்றன. தீர்ப்பு, கிருபை என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு கிறிஸ்தவம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசி வருகிறது. இவற்றில் எது பெரிது என்பது வேதசாஸ்திரிகளின் கேள்வி. எது யார் மேல் பிரயோகிக்கப்படுகிறது என்பது என் கேள்வி.

*

தாது வருஷப் பஞ்சம் என்று கிழவர்கள் சொல்லி வந்தது 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய பஞ்சம். வட ஆற்காடும் அதில் கடுமையாக அடிபட்டது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது அரை கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். சில மாதங்கள் கழித்துக் கூலி கொஞ்சம் உயர்த்தப்பட்டது.

டெம்பிளைக் கொடியவர் என்று சொல்லிவிட்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். அவருடைய பிரச்னை வேறு. பசி என்று சொல்லி வருகிறவனுக்கு நிஜமாகவே பசிக்கிறதா என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கூலி குறைவாக இருந்தால், வேலை கடினமாக இருந்தால், வேலைக்களம் வீட்டிலிருந்து தூரத்தில் இருந்தால், வேறு வழியே இல்லாதவன்தான் வருவான். இவற்றுக்கு அன்றைய நிர்வாக பாஷையில் 'பரீட்சை' என்றே பெயர்: உழைப்புப் பரீட்சை, தூரப் பரீட்சை. பசியைப் பரீட்சை வைத்துக் கண்டுபிடிப்பது. பரீட்சையில் தேறுவதற்குத் தேவையான தெம்பு தேறியவனிடம் இருக்காது என்பது அந்த ஏற்பாட்டின் தர்க்கத்துக்கு அகப்படவில்லை.

இந்தப் பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்தும் வட ஆற்காட்டில் சேரி ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கிறிஸ்தவத்தில் சேர்ந்தார்கள். ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் ஆரம்பித்த ஆற்காடு மிஷன் ஆரணியிலும் இயங்கியது. ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டில் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த டாராஸ் சாமியார் இருந்தார். 1916-ல் இறந்தார். சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில் அவர் காலத்தது. என் பாட்டனாருடைய பாட்டனார் அந்தப் பஞ்சத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். ஏன் சேர்ந்தார் என்பதற்குக் குடும்பத்தில் பழைய விடை ஒன்றுதான்: கஞ்சி. படித்து உத்தியோகத்துக்குப் போன தலைமுறைக்கு இது போதவில்லை. கனவில் மாதா வந்து கூப்பிட்டதாக ஒரு கதை எப்போதோ உள்ளே நுழைந்தது. அந்தக் கதையை நான் பரிகசிக்கவில்லை. கஞ்சியைக் காரணமாகச் சொல்ல முடியாதபடி ஒரு குடும்பத்தை எது கூசவைத்தது என்று கேட்கிறேன்.

அதே பஞ்சத்தில் வடக்கே ஓங்கோலில் ஜான் க்ளஃப் என்ற அமெரிக்கன் பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். பக்கிங்ஹாம் கால்வாயில் சில மைல் தூரம் வெட்டும் பொறுப்பைக் காண்ட்ராக்ட் எடுத்து, பட்டினியில் இருந்தவர்களுக்கு அதில் வேலையும் கூலியும் கொடுத்தார். வந்தவர்களில் பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். க்ளஃப் மறுத்துவிட்டார். நிவாரணம் நடக்கிறவரை யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்பது அவருடைய முடிவு. நிவாரணம் நின்ற பிறகும் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது.

மிஷன் வரலாறுகளில் பெரிதாகப் பேசப்படும் நாள் அது. சோறு நின்ற பிறகும் வந்தார்கள், ஆகவே உண்மையாக வந்தவர்கள் என்பது அந்த எண்ணிக்கையின் பெருமை. க்ளஃபின் செய்கையில் உள்ள கண்ணியத்தை நான் மறுக்கவில்லை. பட்டினி கிடப்பவனிடம் ஒரு கையில் சோறும் மறு கையில் ஞானஸ்நானமுமாகப் போனால் அவன் இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அது வியாபாரம். சோற்றுக்கு விலை வைக்கக் கூடாது என்று க்ளஃப் எண்ணியிருந்தால் அவர் செய்தது கிருபையின் காரியமே. ஆனால் அவர் செய்கைக்கு இன்னொரு அர்த்தமும் ஏறிக்கொண்டது. பசித்திருக்கிறவன் சொல்கிற 'ஆம்' செல்லாது; வயிறு நிறைந்த பிறகு அவன் சொல்வதே கணக்கில் வரும். சோற்றுக்கு ஞானஸ்நானம் விலையாகக் கூடாது என்பது ஒன்று. ஞானஸ்நானத்துக்குப் பசி தடையாக வேண்டும் என்பது வேறொன்று. முன்னது கொடுப்பவனைக் கட்டுப்படுத்துகிறது. பின்னது வாங்குபவனைச் சந்தேகிக்கிறது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால்தான் முதலாவதின் பெயரால் இரண்டாவதைச் செய்வது இவ்வளவு எளிதாக இருக்கிறது.

*

கிறிஸ்தவர்கள் இந்த விஷயத்தில் தங்கள் சுவிசேஷத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் கெட்ட குமாரன் கதை எல்லோருக்கும் தெரியும். பிரசங்கங்களில் அது மனம் திரும்புதலின் கதை. ஆனால் கதையில் அவன் ஏன் திரும்புகிறான்? பஞ்சம் வந்தது. பன்றித் தீவனமும் கிடைக்கவில்லை. அப்பா வீட்டில் கூலியாட்களுக்கே சோறு மீந்துபோகிறது என்பது நினைவுக்கு வருகிறது. என்ன சொன்னால் உள்ளே விடுவார்கள் என்று ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு கிளம்புகிறான். அவன் அழுததாகக்கூடச் சொல்லப்படவில்லை. பச்சையாகச் சொன்னால் இவன்தான் முதல் அரிசிக் கிறிஸ்தவன்.

தகப்பன் செய்ததைக் கவனிக்க வேண்டும். மகன் வாயைத் திறக்கும் முன்பே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். மகன் தயார் செய்து வந்த பேச்சைப் பாதி சொல்லி முடிப்பதற்குள் விருந்துக்கு உத்தரவாகிவிடுகிறது. கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்கிற பகுதிக்கு அவனால் வரவே முடியவில்லை. அதாவது அவன் மனம் திரும்பினானா இல்லையா என்று விசாரிப்பதற்கான வாய்ப்பையே தகப்பன் அழித்துவிடுகிறான். விசாரணையைக் கோருகிறவன் மூத்தவன். அவனிடம் கணக்கு இருக்கிறது. இத்தனை வருஷம் உழைத்தேன், ஒரு ஆட்டுக்குட்டி கிடைத்ததா? கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் சங்கடம்.

திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமையிலும் இந்த மூத்தவனே கூட்டமாக வந்து நிற்கிறான். பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையை நிறுத்து வாங்கி, குறை கண்டால் கூலியில் பிடித்தம் செய்கிற ஆரணியில் அந்த உவமை ஒரு ரகளை. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி. கடைசியில் வந்தவன் ஏன் கடைசியில் வந்தான்? யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, அதனால் வந்தான். முதலாளி கேட்டதும் அவ்வளவுதான், ஒப்புக்கொண்டதும் அவ்வளவுதான்.

எதிர்வாதமும் சுவிசேஷத்திலேயே இருக்கிறது. அதை மறைப்பது நாணயமாகாது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்ததற்கு மறுநாள், தன்னைத் தேடி வந்த கூட்டத்தை இயேசு கடிந்துகொள்கிறார். நீங்கள் அப்பம் தின்று திருப்தியானதற்காகவே என்னைத் தேடுகிறீர்கள் என்கிற பொருளில் பேசுகிறார். ஆக, உள்நோக்கத்தை அவரும் கண்டார். ஆனால் வரிசை முக்கியம். முதல் நாள் அப்பம் கொடுக்கையில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தின்று முடித்த பிறகு, தின்றவர்களோடு ஒரு வாக்குவாதம் நடக்கிறது. அப்பத்தைத் திரும்பக் கேட்கவில்லை. பரீட்சையைப் பந்தியின் வாசலில் வைப்பதும், பந்தி முடிந்தபின் சம்பாஷணையாக நடத்துவதும் ஒன்றல்ல.

*

தமிழ் கிருபையைப் பற்றிச் சிந்திக்காத மொழி அல்ல. பழைய கத்தோலிக்க ஜெபங்களில் இதற்குப் 'பிரியதத்தம்' என்ற சொல் இருந்தது. பிரியத்தினால் தத்தம் செய்தது. காரணம் அந்தச் சொல்லுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது, வாங்குபவனிடம் போய்த் தேட வேண்டியதில்லை. பின்னால் அது 'அருள்' ஆயிற்று, புராட்டஸ்டண்டுகளிடம் 'கிருபை'. இந்தக் 'கிருபை' ஸ்ரீரங்கத்திலும் காஞ்சியிலும் நூற்றாண்டுகளாகச் சர்ச்சை செய்யப்பட்ட சொல். கடவுளின் கிருபைக்கு மனிதனிடத்தில் ஒரு வியாஜமாவது, ஒரு சாக்காவது வேண்டும் என்றது தேசிகர் வழி. தாயைத் தானே பற்றிக்கொள்கிற குரங்குக்குட்டி அதற்கு உதாரணம். பிள்ளை லோகாசாரியர் வழியோ அது நிர்ஹேதுகம், ஹேது எதுவும் வேண்டாம் என்றது. பூனை தன் குட்டியை வாயால் கவ்விக்கொண்டு போகிறது. குட்டி செய்வது ஒன்றுமில்லை. அங்கிருந்து இன்னும் ஒரு படி போய், கன்றின் உடம்பிலிருக்கும் அழுக்கைப் பசு விரும்பி நக்குவதுபோல் அடியவனின் தோஷமே ஆண்டவனுக்குப் போக்கியமாகிறது என்றும் சொன்னார்கள். ருடால்ஃப் ஓட்டோ 1930-ல் இந்தியாவின் கிருபை மார்க்கத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு எழுதிய புத்தகத்தில் இந்தக் குரங்கையும் பூனையையும் ஐரோப்பியருக்குக் காட்டினார்.

இவ்வளவு தூரம் சிந்தித்தவர்களுடைய வாரிசுகள் காஞ்சி வரதராஜர் கோயிலில் யாருடைய கோஷ்டி பாடுவது என்று நீதிமன்றம் போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த வழக்குகளின் சூடு இன்னும் ஆறியபாடில்லை. கிருபைக்குக் காரணம் உண்டா என்ற கேள்வி, நெற்றியில் என்ன நாமம் என்ற கேள்வியாக மாறித் தீர்ப்புக்காக நீதிபதியின் முன் நிற்கிறது. கிறிஸ்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. குடுமி வைத்தவன் மெய்யான கிறிஸ்தவனா என்று தென்னிந்திய மிஷனரிகள் வருஷக்கணக்கில் சண்டையிட்டுக்கொண்டார்கள். குடுமியை அறுத்தால்தான் சேர்ப்பது என்று சிலர் நின்றார்கள். கால்டுவெல் 1867-ல் குடுமியைப் பற்றி ஒரு தனிப் பிரசுரமே எழுதி, அது மதச் சின்னம் அல்ல, வெறும் வழக்கம் என்று வாதாட வேண்டியிருந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய மனிதர், மயிருக்காகவும் வாதாடினார்.

குடுமி போயிற்று. இப்போது வேறு குடுமிகள். ஆரணிப் பக்கத்தில் ஒரு ஜெபக்கூடம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு போட்டு வந்தார்கள். ஆடி, மார்கழி போன்ற முகூர்த்தமில்லாத மாதங்களில் பட்டு தேங்கும், பாவு கிடைப்பது குறையும். அந்த மாதங்களில் ஜெபத்துக்கு வரும் பெண்களின் எண்ணிக்கை கூடும். அவர்களில் சிலர் மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுவார்கள். சபைப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இரண்டு மாசம் சாப்பாட்டை நிறுத்திப் பார்க்கலாம், யார் ஜெபத்துக்கு வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். நிறுத்தினார்கள். கூட்டம் பாதியாயிற்று. 'பார்த்தீர்களா' என்றார் அவர்களில் ஒருவர் என்னிடம், துக்கமும் திருப்தியும் கலந்து. அந்தத் திருப்திதான் எனக்குப் புரியவில்லை. மீதி இருந்தவர்கள் உண்மையான விசுவாசிகள் என்பதற்கு இதில் என்ன நிரூபணம்? வீட்டில் சோறு இருந்தவர்கள் மீதி இருந்தார்கள் என்பதற்குத்தான் நிரூபணம். டெம்பிளின் பரீட்சை ஜெபக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. வைத்தவர்கள் அநேகமாகத் தாது வருஷத்தில் கஞ்சிக்கு வந்தவர்களின் சந்ததி.

*

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருப்பவர் நியாயமாகக் கேட்கக் கூடியது: அப்படியானால் தீர்ப்பே வேண்டாமா? யாரும் எப்படியும் இருக்கலாம், கிருபை எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதா? டீட்ரிச் போன்ஹோஃபர் 1937-ல் இதற்கு 'மலிவான கிருபை' என்று பெயர் வைத்தார். ஹிட்லரின் ஜெர்மனியில் ஞாயிறு தவறாமல் பாவமன்னிப்புப் பெற்றுக்கொண்டு திங்கட்கிழமை யூதனைக் காட்டிக்கொடுத்த சபையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். மலிவான கிருபை என்பதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏழைகளை அதட்டுகிற போதகர்கள் இருக்கிறார்கள். போன்ஹோஃபர் யாரை நோக்கிப் பேசினார் என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவர் பேசியது பசித்து வந்தவனை நோக்கி அல்ல. சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவனை நோக்கி.

தமிழ்க் கிறிஸ்தவத்தின் முன்வரிசை எது என்பதில் மர்மம் இல்லை. தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் ஜாதிவாரியாக உட்கார்வதும் நற்கருணை பெறுவதும் ஒரு நூற்றாண்டாக நடந்து வந்தன. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் இது உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். லைப்ஸிக் மிஷனின் கார்ல் கிரவுல் வேறு விதமாக நினைத்தார். திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்த அறிஞர். ஜாதி ஒரு சமூக ஏற்பாடு, அவசரப்படாமல் சுவிசேஷத்தின் சக்தியால் மெல்ல மெல்லக் கரைய விட வேண்டும் என்றார். வடக்கன்குளத்துக் கோயில் 1872-ல் கால்சட்டைபோல் இரண்டு நடைகளாகக் கட்டப்பட்டது, ஒரு ஜாதிக்கு ஒரு நடையாக. நடுவில் இருந்த சுவர் இடிவதற்கு 1910 ஆயிற்று.

கிரவுலின் பொறுமையை நான் குறைவாக மதிப்பிடவில்லை. மனிதர்களை உடைத்து மாற்ற முடியாது என்று அறிந்தவனின் பொறுமை அது. அதுவும் கிருபையின் ஒரு ரூபம். ஆனால் அந்தப் பொறுமை யாருக்குக் கிடைத்தது, யார் செலவில் கிடைத்தது? சுவர் கட்டியவனிடம் சபை நூறு வருஷம் பொறுத்தது. அவன் மெல்லத் திருந்துவான், அவன் சூழ்நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும், அவன் உள்ளத்தைக் கடவுள் அறிவார். கஞ்சிக்கு வந்தவனிடம் ஒரு மாசம் பொறுக்கவில்லை. அவன் ஏன் வந்தான், குடுமியை எடுத்தானா, மாரியம்மனை விட்டானா? சபையில் கிருபையும் இருந்தது, தீர்ப்பும் இருந்தது. இரண்டும் திசை மாறி இருந்தன. கிருபை மேல்நோக்கிப் போயிற்று. தீர்ப்பு கீழ்நோக்கி இறங்கியது.

நான் சொல்ல வந்தது இவ்வளவே. தீர்ப்பும் கிருபையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிற இரண்டு கொள்கைகள் என்று எடுத்துக்கொண்டு நாம் வெகுகாலம் வீணாக்கியிருக்கிறோம். அவை ஒரே காரியத்தின் இரண்டு முகங்கள். சோற்றைக் கையில் வைத்திருப்பவன் மேல் தீர்ப்பு இல்லாமல் சோற்றுக்கு வருபவன் மேல் கிருபை சாத்தியமில்லை. சுவிசேஷத்தில் கடுமையான சொற்கள் எல்லாம் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டன என்று ஒரு பட்டியல் போட்டால் இது விளங்கும். விலைமாதரையும் வரி வசூலிப்பவரையும் பார்த்து ஒன்றுகூட இல்லை.

*

இந்தத் திசைமாற்றம் சபையோடு நிற்கவில்லை. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை தாழ்த்தப்பட்டவர் பட்டியலை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவனாகிவிட்டால் ஜாதி போய்விடும் என்பது அரசாங்கத்தின் விசுவாசம். சபைக்குள் சுவரைப் பார்த்தவனுக்கு அந்த விசுவாசம் இல்லை. 2002-ல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், ஆசை காட்டி மதம் மாற்றுவதைக் குற்றமாக்கியது. மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ இருந்தால் தண்டனை அதிகம். 2004-ல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. கருணையினால் எழுதப்பட்ட ஷரத்து என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். ஆனால் அதன் அடியில் கிடக்கிற அனுமானம் என்ன? இன்னாருடைய மனசு விலைக்குக் கிடைக்கும் என்பது. வெளியேறுபவனின் உள்நோக்கத்தை எல்லோரும் கேட்கிறார்கள். பிறந்த இடத்திலேயே இருப்பவன் என்ன லாபத்துக்காக இருக்கிறான் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

என் தொழிலில் இதே சங்கதி ரூபாய் அணாவில் இருக்கிறது. 1990-ல் மத்திய அரசு கிராமப்புறக் கடன் நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது. விவசாயிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் நெசவாளர்களுக்கும் பத்தாயிரம் ரூபாய் வரை தள்ளுபடி. ஒரு நிபந்தனை: வேண்டுமென்றே கட்டாதவனுக்குக் கிடையாது. பத்தாயிரம் ரூபாய் கட்டாத தறிக்காரனின் மனசுக்குள் புகுந்து அவன் முடியாமல் கட்டவில்லையா, வேண்டுமென்றே கட்டவில்லையா என்று நிர்ணயிக்க வேண்டும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிமுறைகளின்படி, வேண்டுமென்றே கட்டாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களோடும் வங்கிகள் சமரசம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பொருளாதார ரீதியில் இதற்கு நியாயங்கள் உண்டு, எனக்குத் தெரியும். தறிக்காரனிடம் தேடிய உள்நோக்கத்தைக் கோடிகளில் வாங்கியவனிடம் மன்னிக்க வழி வைத்திருக்கிறோம் என்பதும் தெரியும்.

*

தமிழில் இந்த விஷயத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஆகக் கூர்மையானது ஒரு கிறிஸ்தவன் எழுதியதல்ல. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்', 1943. ராமன் பாதத் தூளியில் அகலிகை எழுகிறாள், கிருபை கிடைத்துவிட்டது. ஆனால் ஊர் அவளை விடவில்லை, அவள் மனசும் விடவில்லை. அதையும் அவள் தாங்குகிறாள். பிறகு சீதை வந்து, தன்னை அக்கினிப் பிரவேசம் செய்யச் சொன்னதைச் சாதாரணமாகச் சொல்கிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்கிறாள். அகலிகை மறுபடி கல்லாகிறாள்.

இந்தக் கதையைப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்ற அளவில் வாசிப்பது சரியானதே; ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். அகலிகையை யாரும் மறுபடி சபிக்கவில்லை. அவள் பெற்ற மன்னிப்பு ரத்தாகவும் இல்லை. தன்னை எதுவும் கேட்காமல் எழுப்பியவன் இன்னொருத்தியிடம் நிரூபணம் கேட்டான் என்று தெரிந்ததும் தன் விமோசனமே அவளுக்கு அர்த்தமிழந்துபோகிறது. ஒருவரிடத்தில் பரீட்சை வைத்துவிட்டால் எல்லோருக்கும் கொடுத்த கிருபையும் பின்தேதியிட்டுச் செல்லாமல் போய்விடுகிறது. ஜெபக்கூடத்தில் சாப்பாட்டை நிறுத்தியபோது வராமல் போனவர்களை மட்டும் அது பாதித்தது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். தொடர்ந்து வந்தவர்களும் அதற்குப் பிறகு பரீட்சையில் தேறியவர்களாகத்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

கிரஹாம் கிரீனின் 'தி பவர் அண்ட் த குளோரி' (1940) நாவலில் ஒரு சிறை இரவு வருகிறது. துரத்தப்படும் குடிகாரப் பாதிரி திருடர்களோடும் கொலைகாரர்களோடும் இருட்டறையில் அடைபட்டுக் கிடக்கிறான். அங்கே பக்தியுள்ள ஒரு பெண்ணும் இருக்கிறாள், சமயப் புத்தகங்கள் வைத்திருந்ததற்காகப் பிடிக்கப்பட்டவள். மூலையில் இரண்டு பேர் இணைவதன் ஓசை கேட்கிறது. அதைக் கண்டிக்கும்படி பாதிரியை அவள் வற்புறுத்துகிறாள். அந்த அறையில் யாரிடத்திலும் பிரியம் கொள்ள முடிகிற அவனுக்கு அவளிடம்தான் கஷ்டமாக இருக்கிறது. 1953-ல் ரோமாபுரியின் பரிசுத்த அலுவலகம் இந்த நாவலைக் கண்டித்தது. நாவலுக்குள் இருந்த அந்தப் பெண் வெளியே வந்து நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொன்னதுபோல் இருந்தது.

இதைப் படிக்கிற சிறு வட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. சிறுபத்திரிகைகளில் நாம் அதிகம் பிரயோகித்த வசை 'போலி' என்பது. இவன் உண்மையான அனுபவத்திலிருந்து எழுதுகிறானா, பெயருக்காக எழுதுகிறானா, பரிசுக்காக எழுதுகிறானா? படைப்பைத் தீர்மானிப்பது விமர்சகனின் வேலை. அதில் தயவு காட்டத் தேவையில்லை. எதற்காக எழுத வந்தான் என்று வாசலில் நிறுத்தி விசாரிப்பது விமர்சகனின் வேலையில் சேர்ந்ததல்ல. புதுமைப்பித்தனும் சோற்றுக்காகச் சினிமாவுக்குப் போனவர்தான். விருது வாங்குகிற பெரியவரின் சுமாரான புத்தகத்துக்கு நாம் காட்டுகிற பொறுமையையும், முதல் கவிதையைக் கொண்டுவருகிறவனின் நோக்கத்தைப் பற்றி நமக்கு வருகிற சந்தேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேலே சொன்ன திசை இங்கேயும் அப்படியே இருக்கிறது.

கெட்ட குமாரன் கதை இளையவனோடு முடிவதில்லை. வீட்டுக்குள் விருந்து நடக்கிறது. தகப்பன் எழுந்து வெளியே வந்து, உள்ளே வர மாட்டேன் என்று முற்றத்தில் நிற்கிற மூத்தவனிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறான். மூத்தவன் மேல் தீர்ப்பு எதுவும் சொல்லப்படவில்லை. அவனையும் கூப்பிடத்தான் செய்கிறார்கள். அவன் போனானா என்று லூக்கா எழுதவில்லை. காலையிலிருந்து வயலில் வேலை செய்துவிட்டு வந்தவன் அவன். அவனுக்கும் பசித்திருக்கும்.